எலும்பு போன பிறகு கல்லறைக்கு என்ன வேலை?

கேள்வி (3 ஏப்ரல் 2024)

கசகஸ்தானில் புதைக்கப்பட்டிருந்த ஹொங் பொம்தோ என்ற கொரிய விடுதலைப் போராளியின் எச்சங்களைத் தென் கொரியா 2021ல் எடுத்துப் போனதைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். அங்கே வாழும் கொரியர்களில் சிலருக்கு அதில் வருத்தமாம். நாட்டுக்காகச் சண்டை போட்டவரை நாட்டுக்கே கொண்டு போகிறார்கள், இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? அங்கே இருந்தவர்கள் யாராவது உண்டா?

3 ஏப்ரல் 2024, இரவு 9:50

நான் இருந்தேன். 2013 முதல் 2016 வரை கிசிலோர்தாவில் வேலை, ஹொங் புதைக்கப்பட்டிருந்த ஊர் அதுதான். எண்ணெய் வயல் கணக்குப் பிரிவு. வயல் பாலைவனத்துக்குள், அலுவலகம் ஊருக்குள். குடியிருந்தது ஒரு கொரியப் பாட்டி வீட்டு மாடியில். அவரை எல்லோரும் "அமெ" என்பார்கள். அவர்களுடைய பழைய வட கொரியப் பக்கத்துப் பேச்சில் பாட்டி என்று அர்த்தம். சியோலில் போய் இந்தச் சொல்லைச் சொன்னால் திருதிருவென்று முழிப்பார்களாம்.

"கொரியர்" என்று நீங்கள் சொல்வதிலேயே பாதிச் சிக்கல் இருக்கிறது. அவர்கள் தங்களைக் கொர்யோ சராம் என்பார்கள். 1937ல் ஸ்டாலின் ஆட்சி ரஷ்யத் தூரக்கிழக்கிலிருந்து சுமார் 1,72,000 பேரை ரயிலில் அடைத்துக் கசகஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் இறக்கிவிட்டது. ஜப்பானுக்கு உளவு பார்ப்பார்கள் என்று காரணம் சொன்னார்கள். ஜப்பானுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கிய ஹொங் பொம்தோவும் அந்த வண்டிகளில்தான் வந்தார். கூத்தைப் பாருங்கள்.

மீதி நாளைக்கு.

4 ஏப்ரல் 2024, காலை 7:15

ஆளைப் பற்றி முதலில். 1868ல் பியோங்யாங்கில் பிறந்தவர், சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இல்லை. சிப்பாய், காகித ஆலைக் கூலி, கொஞ்ச காலம் புத்த மடம், கடைசியில் மலையில் வேட்டைக்காரர். 1907ல் ஜப்பானியர்கள் வேட்டைக்காரர்களிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கச் சட்டம் போட்டார்கள். பிழைப்பில் கைவைத்தால் என்ன ஆகும்? கூட இருந்த வேட்டைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு சண்டையில் இறங்கினார். மனைவி ஜப்பானியர் காவலில் செத்தார். மூத்த மகன் சண்டையில் செத்தான்.

1920 ஜூனில் மஞ்சூரியப் பக்கம் பொங்கோதொங், அக்டோபரில் சொங்சன்னி. கொரியப் பாடப் புத்தகங்களில் வருகிற இரண்டு வெற்றிகளிலும் இவர் பங்கு உண்டு. அதற்குப் பிறகு ஜப்பானியப் படை அங்கிருந்த கொரியக் கிராமங்களைப் பழிதீர்த்தது, கொரியப் போராளிப் படைகள் சோவியத் எல்லைக்குள் போயின. 1922ல் மாஸ்கோ மாநாட்டுக்குப் போய் லெனினைப் பார்த்தார், கைத்துப்பாக்கி பரிசாக வாங்கினார். அந்த மாநாட்டுப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் "விடுதலைப் படை வீரர்" என்றும், நோக்கம் என்ற இடத்தில் "கொரிய விடுதலை" என்றும் எழுதிக் கொடுத்தார்.

கடைசியில் கிசிலோர்தா. கொரிய நாடகக் கொட்டகையில் காவல்காரர் வேலை. 1943 அக்டோபர் 25ல் இறந்தார், 75 வயது. கொரியா விடுதலையானது 1945 ஆகஸ்டில்.

4 ஏப்ரல் 2024, மதியம் 1:30

"காவல்காரர் வேலை கொடுத்தது அவமானம் இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் அமெயிடம் இதையேதான் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரே பசியில் கிடந்த நேரம், வேலை என்றால் ரேஷன் என்று அர்த்தம், எழுபது வயசுக் கிழவருக்கு எங்கள் நாடகக்காரர்கள் சோறு தேடிக் கொடுத்தார்கள், அதில் உனக்கு என்ன அவமானம் தெரிந்தது என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

நாடகக்காரர்கள் செய்தது அதோடு நிற்கவில்லை. தே ஜங்சுன் என்ற நாடகாசிரியர் கிழவரிடம் உட்கார்ந்து கதை கேட்டு, "ஹொங் பொம்தோ" என்றே ஒரு நாடகம் எழுதினார். 1942ல் மேடையேறியது. மேடையில் தளபதி ஹொங் சண்டை போடுகிறார், கொட்டகையில் காவல்காரர் ஹொங் உட்கார்ந்து பார்க்கிறார். பார்த்துவிட்டு "என்னை ரொம்பத் தூக்கிவைத்துவிட்டாய்" என்றாராம். இதை எனக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள், கடைசி வரி மட்டும் மூன்றிலும் ஒன்றுதான்.

ஒரு வீரருக்கு அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் ஜனங்கள் எடுத்த நினைவுச் சின்னம் இந்த நாடகம். கல் வைத்ததெல்லாம் பிறகு. கிழவர் சொன்ன வாழ்க்கைக் குறிப்புகளைப் பின்னால் கையால் படியெடுத்து வைத்ததும் ஒரு நாடக நடிகைதான், லீ ஹம்தொக், தே ஜங்சுனின் மனைவி. இன்றைக்குத் தென் கொரிய ஆய்வாளர்கள் ஆதாரம் என்று மேற்கோள் காட்டுவது அந்தப் படியைத்தான்.

5 ஏப்ரல் 2024, காலை 6:40

இன்றைக்குத் தேதியைக் கவனித்தீர்களா? ஏப்ரல் 5, ஹன்சிக். சொல்லுக்குப் பொருள் "ஆறின சோறு". கொரியாவில் இந்த நாளின் மவுசு குறைந்துவிட்டது. கொர்யோ சராம்களுக்கு ஆண்டின் பெரிய நாட்களில் ஒன்று இது. ரஷ்ய மொழியில் "பெற்றோர் நாள்" என்பார்கள்.

2014ல் அமெ குடும்பத்தோடு நானும் போனேன். நான் பெட்டி தூக்கி. காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். கிசிலோர்தாவில் ஏப்ரல் தொடக்கம் என்றால் காற்று முகத்தில் மணலை அடிக்கும். மண்வெட்டி, துடைப்பம், வாளி. குளிர்காலத்தில் சரிந்த மண்ணை மேடாகச் சேர்த்து, காய்ந்த புல்லைப் பிடுங்கி, இரும்பு வேலிக்கு வெள்ளி வர்ணம் அடித்தார்கள். கல்லறைக் கற்களில் இறந்தவரின் முகம் புகைப்படம் மாதிரியே செதுக்கியிருக்கும். சோவியத் பாணி. பெயர் ரஷ்ய எழுத்தில்.

சுத்தம் செய்த பிறகு ஒரு துணியை விரித்து முழுக்கோழி, சோறு, பழம், மிட்டாய், கேரட் பச்சடி. வோட்கா கிண்ணத்தில் ஊற்றி மண்ணில் விடுவார்கள், மூன்று முறை. ஆண்கள் மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்குவார்கள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து சாப்பாடு. அழுகை இல்லை. பேரப்பிள்ளைக்கு ஸ்கூலில் என்ன மார்க், யார் வீட்டுக் கல்யாணம், இதுதான் பேச்சு.

சொந்தக் கல்லறை முடிந்ததும் அமெ பையில் மிச்சம் வைத்திருந்த ஆப்பிளையும் பாதி பாட்டில் வோட்காவையும் எடுத்துக்கொண்டு நடந்தார். போனது ஹொங் பொம்தோ கல்லறைக்கு. எங்களுக்கு முன்னாலேயே யாரோ வந்து போயிருந்தார்கள், மிட்டாய் கிடந்தது. அவருக்கு அந்த ஊரில் பிள்ளைகுட்டி யாரும் இல்லை. அதனால் யாருக்குக் கை காலியோ அவர்கள் எல்லோரும் அவருக்குப் பிள்ளைகள். தளபதிக்கு வணக்கம் வைப்பது போல எதுவும் அங்கே நடக்கவில்லை. பக்கத்து வீட்டு ஒண்டிக்கட்டைப் பெரியவருக்குக் கொஞ்சம் குழம்பு கொடுத்துவிட்டு வருவது போலத்தான் இருந்தது.

எச்சம் போனதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, இதுதான். வருஷத்துக்கு ஒருமுறை கொடுக்கும் அந்தக் குழம்பு.

5 ஏப்ரல் 2024, இரவு 11:05

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். கடைசி இரண்டு வரியில் கொஞ்சம் சினிமாத்தனம் வந்துவிட்டது. அழிக்கவில்லை, இருக்கட்டும். ஆனால் ஒன்றைத் திருத்த வேண்டும்: எல்லோரும் வருத்தப்பட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அமெயின் மகனுக்குச் சந்தோஷம்தான். "அவர் இங்கே இருந்தது ஜெயில் மாதிரிதானே, விடுதலையாகிப் போகிறார்" என்று போனில் சொன்னார். ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி.

6 ஏப்ரல் 2024, காலை 10:20

எடுத்துப் போன விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்ட் 15, அவர்களுடைய விடுதலை நாள். ராணுவ விமானம் வந்தது. கொரிய வான்வெளிக்குள் நுழைந்ததும் ஆறு போர் விமானங்கள் பக்கத்தில் பறந்தன, ஆறும் ஆறு வகை. 18ம் தேதி தெஜொன் தேசிய கல்லறையில் அடக்கம். கிசிலோர்தா மண்ணும் கொஞ்சம் கூடப் போனது. இதற்கு முன் 1962லேயே அவருக்கு உயர்ந்த பதக்கம் கொடுத்திருந்தார்கள், கல்லறை சோவியத் நாட்டுக்குள் இருந்தபோதே. அன்றைக்கு இரண்டு நாட்டுக்கும் தூதரக உறவு கிடையாது. அது வந்தது 1990ல்.

எடுத்துப் போகும் பேச்சு 1990களிலேயே கிளம்பியது. வட கொரியா குறுக்கே நின்றது. பிறந்தது பியோங்யாங், ஆகவே எங்கள் ஆள் என்றார்கள். கொர்யோ சராம்களிலும் பலருக்கு மனமில்லை. 2019 ஏப்ரலில் தென் கொரிய அதிபர் வந்தபோது கே பொங்ஊ, ஹ்வாங் உன்ஜொங் என்ற இரண்டு போராளிகளின் எச்சங்களை அவர்கள் மனைவிமார் எச்சங்களோடு சேர்த்து எடுத்துப் போனார்கள். கே பொங்ஊவும் கிசிலோர்தாவில் செத்தவர்தான். ஆக, ஊர்க் கல்லறைத் தோட்டத்திலிருந்து பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராகக் காலி.

6 ஏப்ரல் 2024, மாலை 5:45

"மரியாதையோடுதானே கொண்டு போனார்கள், அப்புறம் என்ன" என்று மறுபடியும் கேட்கிறார் நண்பர். இரண்டு வருஷம் பொறுங்கள். 2023 ஆகஸ்டில் தென் கொரியாவில் ராணுவ அகாடமி வளாகத்திலிருந்து ஹொங்கின் மார்பளவுச் சிலையை அகற்றப் போவதாக அறிவிப்பு வந்தது. அவர் 1927ல் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவராம். அவர் பெயரில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலின் பெயரையும் மாற்றலாமா என்று பேச்சு. சிலை வைத்தது 2018 மார்ச் 1ல், இன்னும் நான்கு போராளிகளின் சிலைகளோடு. சிப்பாய்கள் சுட்டுப் பயிற்சி செய்த வெற்றுத் தோட்டாக் கூடுகளை, சுமார் 300 கிலோ, உருக்கி வார்த்த சிலைகள். அத்தனை பொறுப்பாகச் செய்துவிட்டு ஐந்தே வருஷத்தில் இந்தப் பேச்சு.

அப்போது அமெ இல்லை, 2022ல் இறந்துவிட்டார். அவர் மகனோடு பேசினேன். "விடுதலையாகிப் போகிறார்" என்று சொன்ன அதே மனிதர். "அவர் கம்யூனிஸ்ட் என்று எங்களுக்கு எப்போதுமே தெரியும். இங்கே எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். தெரியாமலா கூட்டிக்கொண்டு போனார்கள்? வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுக்கட்டும், இடம் அப்படியேதான் இருக்கிறது" என்றார். கட்சி மாறிவிட்டார்.

7 ஏப்ரல் 2024, காலை 8:00

நடுவில் ஒருவர்: "இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியை வென்ற மே 9 வெற்றி நாள் அங்கே பெரிய விழா ஆயிற்றே. அதில் கொரியர்கள் இல்லையா?"

இருக்கிறார்கள், ஆனால் கையில் படம் ஏந்தி நடக்க அவர்களிடம் போர்முனைப் படங்கள் குறைவு. அவர்களை முனைக்கே அனுப்பவில்லை. நம்பிக்கை இல்லாத இனம் என்று முத்திரை. துப்பாக்கிக்குப் பதில் மண்வெட்டி கொடுத்துத் தொழிலாளர் படைக்கு அனுப்பினார்கள். த்ருதார்மியா என்பார்கள். கரகண்டா நிலக்கரிச் சுரங்கம், வடக்கே உக்தா எண்ணெய்க் கிணறு. அமெயின் அப்பா கரகண்டாவில் இருந்தவர். அவர் படத்தை மே 9 அன்று கொண்டு போகலாமா கூடாதா என்று அந்த வீட்டில் ஒவ்வொரு வருஷமும் சண்டை. அவர் போர்வீரரா? மார்பில் பதக்கம் இல்லை, கையில் ஆயுதம் இல்லை, படத்தில் கூடச் சட்டைப் பொத்தான் ஒன்று இல்லை. 2015ல், வெற்றியின் எழுபதாம் ஆண்டு, பேத்தி யாரையும் கேட்காமல் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அமெ வாசலில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

7 ஏப்ரல் 2024, காலை 9:10

"முனைக்கே அனுப்பவில்லை" என்றது தப்பு. போனவர்கள் உண்டு. சிலர் பெயரையோ இனத்தையோ மாற்றி எழுதிக்கொண்டு போனார்கள். அலெக்சாந்தர் மின் என்ற கேப்டன், பட்டாலியன் தளபதி, 1944 ஜூலையில் மேற்கு உக்ரைனில் கொவெல் பக்கம் செத்தார். அடுத்த வருஷம் சோவியத் ஒன்றிய நாயகன் பட்டம் கொடுத்தார்கள். அந்தப் போரில் அந்தப் பட்டம் பெற்ற ஒரே கொரியர். கொரியர் சங்கக் கூட்டங்களில் அவர் படம் இல்லாத சுவர் கிடையாது. "பார், எங்களிடமும் ஒருவர் இருக்கிறார்" என்று சொல்ல ஒரே ஒரு ஆள் கிடைத்தால் அவர் மேல் எவ்வளவு பாரம் ஏறும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

7 ஏப்ரல் 2024, இரவு 10:30

மற்ற சிறுபான்மையினர் பற்றிக் கேட்டவருக்கு. நான் நெருங்கிப் பார்த்தது கொரியர்களை மட்டும். ஆனாலும் இரண்டு சொல்லலாம்.

செச்சென்களையும் இங்குஷ்களையும் நாடு கடத்தத் தொடங்கிய நாள் 1944 பிப்ரவரி 23. அதே நாள் செம்படை நாள். முனையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த செச்சென் சிப்பாய்களையும் பின்னால் இழுத்துக் கசகஸ்தான் பக்கம் அனுப்பினார்கள். பட்டாளத்து நாளும் துக்க நாளும் ஒன்று. என்னோடு வேலை பார்த்த செச்சென் ஓட்டுநர் அன்றைக்கு மட்டும் யார் வாழ்த்துச் சொன்னாலும் கை குலுக்க மாட்டார். தாத்தா பதக்கம் வாங்கியவர்.

இன்னொன்று துங்கான்கள், சீன மொழி பேசும் முஸ்லிம்கள். கோர்தாய் மாவட்டத்தில் அவர்கள் ஊர் மசாஞ்சி. பழைய பெயர் கரகுனுஸ். ரஷ்ய உள்நாட்டுப் போரில் துங்கான் குதிரைப்படையை நடத்திய மகசா மசாஞ்சியின் பெயரைப் பின்னால் வைத்தார்கள். அந்த மனிதரை ஸ்டாலின் காலக் களையெடுப்பில் சுட்டுக் கொன்றதும் இதே சோவியத் ஆட்சிதான். கொன்ற ஆட்சியே பிறகு அவர் பெயரை ஊருக்கு வைத்தது. ஊர்க்காரர்களுக்கு அஞ்சலி செலுத்தத் தனியாக நாள் எதற்கு, முகவரி எழுதும்போதெல்லாம் அவர் பெயரைத்தான் எழுதுகிறார்கள்.

9 ஏப்ரல் 2024, மதியம் 12:15

தனி மடலில் ஒரு அம்மா: மகன் அல்மாட்டியில் மருத்துவம் படிக்கிறானாம், இதையெல்லாம் எங்கே பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறார். அல்மாட்டியில் பன்ஃபிலோவ் பூங்கா எல்லோரும் போவது, அங்கே பெரிய போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. நேரம் இருந்தால் கொரிய நாடக அரங்குக்குப் போகச் சொல்லுங்கள். ஹொங் காவல் காத்த அதே குழு, 1932ல் விளாதிவஸ்தோக்கில் தொடங்கி, கிசிலோர்தா, உஷ்தொபே, மறுபடி கிசிலோர்தா என்று அலைந்து 1968ல் அல்மாட்டி வந்து சேர்ந்தது. இன்னும் நடக்கிறது.

விடுமுறை கிடைத்தால் உஷ்தொபே. ஊருக்கு வெளியே பஸ்தொபே என்ற மேடு. 1937ல் இறக்கிவிடப்பட்ட கொரியர்கள் முதல் குளிர்காலத்தில் குழி தோண்டி அதற்குள் வாழ்ந்தார்கள். அங்கே ஒரு கல்: 1937 அக்டோபர் 9 முதல் 1938 ஏப்ரல் 10 வரை மண்குழிகளில் வாழ்ந்த முதல் குடியிருப்பு இது என்று கொரிய மொழியில் இருக்கிறது. சுற்றிலும் கல்லறைகள். போரில் செத்தவர்கள் யாரும் அதில் இல்லை, குளிரிலும் நோயிலும் செத்தவர்கள். வீரர் கல்லறையை விட எனக்கு அந்த இடம்தான் நெஞ்சில் நிற்கிறது. சரி, தலைப்பை விட்டு விலகுகிறேன்.

9 ஏப்ரல் 2024, மதியம் 12:40

அந்த அம்மாவுக்கு இன்னொன்று: பையனைக் குளிர்காலத்தில் போகச் சொல்லாதீர்கள்.

14 ஏப்ரல் 2024, இரவு 8:50

அமெயின் பேத்தியிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். இந்த ஹன்சிக்குக்கும் போயிருக்கிறார்கள். முதலில் அமெ கல்லறை, அப்புறம் ஹொங் இருந்த இடம். அதை நினைவுப் பூங்காவாக வைத்துக்கொள்வது என்று இரண்டு அரசாங்கமும் பேசி முடித்ததுதான். "உள்ளே யாரும் இல்லையே, என்ன செய்தீர்கள்?" என்றேன். ஆப்பிள் வைத்தோம், வோட்கா ஊற்றினோம் என்றாள். மண்டியிட்டு வணங்கினீர்களா என்றால், அப்பா மட்டும் வணங்கினார், தம்பி சிரித்தான், அடி வாங்கினான் என்றாள்.

முதலில் நான் எழுதிய "குழம்பு போய்விட்டது" என்பதை ஆகவே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். குழம்பு போகவில்லை. வாங்கிக்கொள்ள ஆள்தான் இல்லை. இது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல என்னால் ஆகாது. கேள்வி கேட்ட நண்பர் சொல்லட்டும்.

15 ஏப்ரல் 2024, காலை 7:30

நண்பரிடமிருந்து பதில் இல்லை. கேரட் பச்சடி செய்முறை கேட்டு மட்டும் நான்கு பேர்.

அரைக் கிலோ கேரட்டை நீளமாக, நூல் நூலாகச் சீவுங்கள். துருவினால் கெட்டது. உப்பு, கொஞ்சம் சர்க்கரை, வினிகர் விட்டுப் பிசைந்து அரை மணி நேரம் வையுங்கள், தண்ணீரைப் பிழிந்துவிடுங்கள். மேலே மல்லித்தூள், மிளகாய்த்தூள், நசுக்கிய பூண்டு. எண்ணெயைப் புகை வரக் காய்ச்சி பூண்டின் மேல் ஊற்றுங்கள், சத்தம் வர வேண்டும். கிளறி ஒரு ராத்திரி மூடி வையுங்கள். கொரியாவில் இந்தப் பதார்த்தமே கிடையாது. கிம்ச்சிக்கு வேண்டிய சீன முட்டைக்கோஸ் கிடைக்காத ஊரில் கேரட்டை வைத்துச் சமாளித்தது. மல்லித்தூள் அங்கத்திய சந்தைச் சரக்கு. நம் வீட்டு மல்லித்தூள் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. பூண்டை மட்டும் குறைக்காதீர்கள்.